‘பரம்பரை’ என்னும் சொல்லும் மனச்சிதைவு நோயும்

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாக மறுசீரமைக்கப்பட்டபோது, திருவிதாங்கூரின் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலும், அதன் தெற்கே இருந்த விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்திலும் சேர்ந்தன. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே எல்லை அமைந்தது. ஆயினும் எல்லையின் இருபுறத்துப் பேச்சிலும் மனநோய்க்குப் ‘பிராந்து’ என்னும் சொல்லே நிலைத்தது. நோய் குடும்பவழி வருவதைக் குறிக்கத் தமிழில் ‘பரம்பரை’, மலையாளத்தில் ‘பாரம்பரியம்’ என ஒரே மூலத்துச் சொற்களே வழங்குகின்றன. நிலமும் வீடும் சந்ததிக்குச் சேர்வதைச் சொல்லும் இச்சொல், நோயையும் தவறாது வந்துசேரும் சொத்தாகக் காட்டிவிடுகிறது. மணப்பேச்சில் ஒரு குடும்பத்தையே விலக்கிவைக்க அது போதுமானதாகிறது.

அறிவியலும் ஒருகாலத்தில் இவ்வாறே எண்ணியது. ஜெர்மானிய மனநல மருத்துவர் எர்ன்ஸ்ட் ரூடின், 1916இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகளின் உடன்பிறந்தாரிடையே மெண்டலின் எளிய விகிதத்தைத் தேடினார், அது கிடைக்கவில்லை. எனினும் 1933இல் ஜெர்மனி இயற்றிய கட்டாயக் கருத்தடைச் சட்டத்துக்கு விளக்கவுரை எழுதியோருள் அவரும் ஒருவர். அச்சட்டம் பெயர்சுட்டிய நோய்களுள் மனச்சிதைவும் ஒன்று. ஏறத்தாழ 4 லட்சம் பேர் அச்சட்டத்தால் கருத்தடைக்கு உள்ளாயினர்.

ஒற்றை மரபணுவைத் தேடிய பயணம் இன்று வேறிடம் வந்துள்ளது. 2022இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, இந்நோயோடு தொடர்புடைய 287 மரபணுத்தொகுதிப் பகுதிகளைக் குறித்தது. அவற்றில் காணும் பொதுவான வேறுபாடுகள் ஒவ்வொன்றும் இடரை மிகச் சிறிதளவே கூட்டுகின்றன. இத்தகைய ஆய்வுகளின் தரவுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையவை. இக்குறையை நிரப்பும் முயற்சியாக, 1984இல் சென்னையில் தொடங்கப்பட்ட ‘ஸ்கார்ஃப்’ நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் இணைந்து, தென்னிந்தியர் 3000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தன. 2019இல் வெளியான முடிவு, 8ஆம் குரோமோசோமில் ஒரு பகுதியைச் சுட்டியது. நியாசின் எனப்படும் பி3 வைட்டமினை உடல் பயன்படுத்த உதவும் நொதிக்கான மரபணு அங்கே உள்ளது. இக்கண்டுபிடிப்பும் நோயின் வழியை ஆராய உதவுமேயன்றி, எவருக்கு நோய் வரும் என்று முன்னுரைக்காது.

பொதுமக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவருக்கு இந்நோய் வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால், பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பேருக்கு வரக்கூடும். ஏனைய 90 பேருக்கு வருவதில்லை. ‘பரம்பரை நோய்’ என்று எழுதும்போது மறைந்துபோவது அந்த 90 பேரே. ‘மரபுவழி இடர்’ என்று எழுதி, அருகிலேயே இவ்வெண்ணையும் தருவது, எல்லையின் இருமொழிகளிலும் எழுதுவோர் செய்யத்தக்க குறைந்தபட்சத் திருத்தமாகும்.