சீன மருத்துவமும் ஒற்றைத் தலையிடியும்

விசுவமடுவின் தோட்டங்களிலே நண்பகல் வெயிலில் நின்று பாடுபடுவோர்க்கு ஒற்றைத் தலையிடி புதிதன்று. ஒரு பக்கப் பொட்டுத் தெறிக்கும், கண் கூசும், குமட்டும், இருட்டறை தேடிப் படுத்தாலன்றித் தணியாது. வெறுந் தலையிடிதானே என்று பிறர் எளிதிற் சொல்லிவிடுவர். அவ்வாறு எண்ணாத மருத்துவ மரபுகளுள் சீனருடையதும் ஒன்று.

கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட சீனத்தைத் தன் ஆணைக்குள் வைத்திருந்தவன் சாவ் சாவ் என்னும் படைத்தலைவன். 'தலைக் காற்று' என்று சீனர் வழங்கிய நோய் அவனை வாட்டியது. அது வரும்போதெல்லாம் நெஞ்சு கலங்கும், கண் சுழலும். ஹுவா துவோ என்ற மருத்துவர் ஊசி குத்தியவுடன் வலி அகன்றதென அந்நூற்றாண்டிலேயே வாழ்ந்த வரலாற்றாசிரியர் சென் ஷோ எழுதிவைத்துள்ளார். அது ஒற்றைத் தலையிடியேதானா என்று துணிதல் அரிது. விட்டுவிட்டு வந்தமையும் கண்மயக்கமும் அதனையே நினைப்பூட்டுகின்றன.

நோய் முற்றாகத் தீருமா? மருத்துவர் மழுப்பவில்லை. தீர்ப்பது கடினம், இடைவிடாது மருத்துவஞ் செய்தால் ஆயுளை நீட்டலாம் என்றார். பின்னர் ஊர் சென்றவர், மனைவிக்குச் சுகமில்லையெனக் காரணங்காட்டித் திரும்பாதிருந்தார். அது பொய்யென அறிந்த தலைவன் அவரைச் சிறையிலிட்டுக் கொன்றான். சாகுமுன் தம் நூலை அவர் சிறைக்காவலனிடம் நீட்டினார். சட்டத்துக்கு அஞ்சி அவன் மறுக்கவே, அதனைத் தீயிலிட்டார். தன் மதிப்பை உயர்த்திக்கொள்ளவே நோயைத் தீர்க்காது விட்டாரென்று சாவ் சாவ் சினந்தான். 208ஆம் ஆண்டில் அருமை மகன் நோயுற்றுச் சாகுந் தறுவாயிலேதான், மருத்துவரைக் கொன்றதற்கு வருந்தினான்.

சீனர் கொள்கைப்படி, உயிராற்றல் நாளங்கள் வழியே உடலெங்கும் ஓடுகிறது. பித்தப்பைக்குரிய நாளம் கண்ணின் வெளிக்கோடியில் தொடங்கிப் பொட்டையுங் காதையுஞ் சுற்றிக் கால்விரல்வரை இறங்கும். ஆகவே தலைவலிக்குக் காலிலும் ஊசி குத்துவர். நம் பரியாரிமாரும் தலையிடிக்குப் பித்தத்தைக் காரணங் காட்டுவது வியப்பே. ஆயினும் முப்பிணிக் கொள்கை வேறு, சீனர் கொள்கை வேறு. ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை பதிப்பித்த பரராசசேகரத்தின் முதற்பாகமே சிரரோக நிதானம் ஆதலின், யாழ்ப்பாணத்து மருத்துவரும் தலைநோயை எளிதாக எண்ணினாரல்லர்.

இலங்கையில் ஊசி மருத்துவத்தை 1970களிலிருந்து பரப்பியவர் களுபோவிலை மருத்துவமனையின் டாக்டர் அன்ரன் ஜயசூரிய. இன்றைய மருத்துவர் இந்நோயின் காரணத்தை மூளையிலும் நரம்பிலும் காண்பர். ஆயினும் 2016இல் கொக்ரேன் அமைப்பு 22 ஆய்வுகளை, ஏறத்தாழ 5,000 நோயாளரை, ஒருங்கு நோக்கியபோது, ஊசி பெற்றோர்க்கு வலி வருவது குறைந்தமை தெரிந்தது. தடுப்பு மருந்துகளுக்கு அது தாழ்ந்ததன்று. போலியாகக் குத்திய ஊசியும் ஓரளவு பயன் தந்தது. உரிய ஊசி அதனினும் சிறிதே மேம்பட்டது. நாளங்களாற் பயனோ, குத்துவதனாலேயே பயனோ என்னும் வினா இன்னுந் தீரவில்லை.