திண்மநிலை இயக்ககமும் வன்தட்டும் கொண்ட வீட்டுக் கணினி

இரட்டைச் சேமிப்பகக் கணினி என்பது ஒரே பெட்டிக்குள் திண்மநிலை இயக்ககம் ஒன்றையும் வன்தட்டு ஒன்றையும் பொருத்தி, இரண்டிற்கும் வெவ்வேறு பணிகளைப் பகிர்ந்தளிக்கும் கணினி அமைப்பு ஆகும். பேச்சு வழக்கில் முதலாவது எஸ்.எஸ்.டி எனவும், இரண்டாவது ஹார்டு டிஸ்க் எனவும் அறியப்படுகின்றன. பாடநூல்களில் வன்தட்டு நிலைவட்டு எனவும் குறிப்பிடப்படுவதுண்டு. விரைந்து படிக்கப்பட வேண்டிய இயங்குதளமும் மென்பொருள்களும் திண்மநிலை இயக்ககத்திலும், அதிக இடம் பிடிக்கும் ஒளிப்படங்கள், நிகழ்படங்கள், பழைய ஆவணங்கள் ஆகியன வன்தட்டிலும் வைக்கப்படுகின்றன. குறைந்த செலவில் வேகத்தையும் கொள்ளளவையும் ஒருங்கே பெறுவதே இம்முறையின் நோக்கமாகும்.

ஒரு கணினியில் இரண்டு இயக்ககங்கள் இருப்பதனால் கோப்புகளுக்கு இரண்டு படிகள் இருப்பதாகக் கொள்ள இயலாது. ஒவ்வொரு கோப்பும் ஏதேனும் ஓர் இயக்ககத்தில் மட்டுமே இருக்கும். ஆகையால் இவ்வமைப்பிலும் தனியான காப்புப்படி இன்றியமையாதது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விசாரம் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய தோல் தொழிற் பகுதியில் வெப்பம், மின்தடை, காற்றின் தன்மை ஆகியன இந்தத் தேவையை மேலும் அதிகரிக்கின்றன.

வரலாறு

முதல் வன்தட்டை ஐ.பி.எம். நிறுவனம் 1956 ஆம் ஆண்டில் ராமாக் என்னும் கணினியுடன் வெளியிட்டது. 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகளைக் கொண்ட அது ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளைச் சேமித்தது. தோசிபா நிறுவனத்தின் பொறியாளர் புஜியோ மசுவோக்கா 1980களில் பிளாஷ் நினைவகத்தை உருவாக்கினார். இன்றைய திண்மநிலை இயக்ககங்களில் பயன்படும் நாண்ட் வகை 1987 இல் அறிவிக்கப்பட்டது. 2008 இல் இன்டெல் நிறுவனத்தின் எக்சு25-எம் வெளிவந்த பின்னர் இவ்வகை இயக்ககங்கள் வீட்டுக் கணினிகளில் இடம்பெறத் தொடங்கின.

தொடக்கத்தில் திண்மநிலை இயக்ககங்களின் விலை மிக அதிகமாக இருந்ததால், சிறிய கொள்ளளவுள்ள ஒன்றை வாங்கி இயங்குதளத்திற்கு மட்டும் பயன்படுத்தும் வழக்கம் தோன்றியது. இரண்டையும் ஒரே கருவியாக இணைக்கும் முயற்சிகளும் நடைபெற்றன. 2010 இல் சீகேட் நிறுவனத்தின் மொமென்டசு எக்சுடி, 2012 இல் ஆப்பிள் நிறுவனத்தின் பியூசன் டிரைவ், 2017 இல் இன்டெல் நிறுவனத்தின் ஆப்டேன் நினைவகம் ஆகியன வெளிவந்தன. ஆப்டேன் தொழிலை முடித்துக்கொள்வதாக இன்டெல் 2022 இல் அறிவித்தது. பயனரே பணிகளைப் பிரித்து வைக்கும் எளிய முறை இன்றும் நிலைத்துள்ளது.

இயங்கும் முறை

வன்தட்டில் காந்தப் பூச்சுடைய தட்டுகள் சுழல, அவற்றின் மேல் நுண்ணிய இடைவெளியில் படிப்பு முனை நகர்கின்றது. நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுத்துக்கொள்ளும். எனவே தேவையான தரவு முனைக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒவ்வொரு தேடலுக்கும் 10 மில்லிநொடிக்கு மேல் ஆகின்றது. திண்மநிலை இயக்ககத்தில் அசையும் பகுதிகள் இல்லாததால் இந்நேரம் 0.1 மில்லிநொடி அளவிலேயே அமைகின்றது.

கணினி தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் படிக்கப்படுவதால் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும். ஆனால் ஒரு பெரிய நிகழ்படக் கோப்பை வரிசையாகப் படிப்பதற்கு வன்தட்டின் வேகமே போதுமானது.

திண்மநிலை இயக்ககத்தின் ஒவ்வொரு நினைவகக் கலமும் குறிப்பிட்ட தடவைகளே அழித்து எழுதத்தக்கது. இதனால் அது விரைவில் தேய்ந்துவிடும் என்னும் அச்சம் பரவலாக உள்ளது. 300 டெராபைட் வரை எழுதலாம் எனத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட இயக்ககம் ஒன்றில் நாளொன்றுக்கு 30 கிகாபைட் எழுதினாலும், அவ்வளவை எட்ட 10,000 நாட்கள், அதாவது 27 ஆண்டுகள் ஆகும். எனவே வீட்டுப் பயன்பாட்டில் எழுதும் அளவைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

பணிப் பகிர்வு

திண்மநிலை இயக்ககத்தில் வைக்கத்தக்கவை:
- இயங்குதளமும் அதன் நினைவக மாற்றுக் கோப்பும்
- உலாவி, அலுவலகச் செயலிகள், வரைகலை மென்பொருள்கள்
- நடப்பில் திருத்தப்படும் வேலைக் கோப்புகள்

வன்தட்டில் வைக்கத்தக்கவை:
- ஒளிப்படங்கள், பாடல்கள், நிகழ்படங்கள்
- முடிவுற்ற வேலைகளும் பழைய கணக்குகளும்
- மென்பொருள் நிறுவல் கோப்புகள்

சான்றாக, காலணி மேற்பகுதிகளுக்கான வார்ப்புருக்களைக் கணினியில் வரையும் ஒருவர் நடப்புப் பருவத்தின் வரைவுகளைத் திண்மநிலை இயக்ககத்திலும், முந்தைய பருவங்களின் வரைவுகளையும் மாதிரிப் படங்களையும் வன்தட்டிலும் வைக்கலாம்.

பொருத்துதல்

திண்மநிலை இயக்ககங்கள் இரு வடிவங்களில் மிகுதியாகக் கிடைக்கின்றன. 2.5 அங்குல வகை சாட்டா வடத்தின் மூலம் இணைக்கப்பட்டு, நொடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட் வரை படிக்கும். எம்.2 வகை தாய்ப்பலகையிலேயே செருகப்படும். எம்.2 வகையிலும் சாட்டா, என்.வி.எம்.இ என இரு பிரிவுகள் உள்ளன. தாய்ப்பலகை எதை ஏற்கும் என்பதை அதன் கையேட்டில் பார்த்த பின்னரே வாங்க வேண்டும். சில தாய்ப்பலகைகளில் எம்.2 செருகியைப் பயன்படுத்தினால் சாட்டா இணைப்புகளில் ஒன்றிரண்டு செயலிழக்கும். புதிய இயக்ககத்தைப் பொருத்தியவுடன் வன்தட்டு தென்படாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகும்.

வன்தட்டை அதிர்வு ஏற்படாதவாறு திருகாணிகளால் இறுக்க வேண்டும். காற்றாடியின் காற்று படும் இடத்தில் அதனைப் பொருத்துவது நன்று. பொருத்துவதற்கு முன் மின்வடத்தைக் கழற்றிவிட்டு, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை நீக்கிக்கொள்ள வேண்டும்.

இயங்குதளம் நிறுவுதல்

இயங்குதளத்தை நிறுவும்போது வன்தட்டின் இணைப்பைக் கழற்றி வைப்பது பாதுகாப்பானது. இரண்டும் இணைந்திருந்தால், விண்டோசு நிறுவி தொடக்கக் கோப்புகளை வன்தட்டிலும், ஏனையவற்றைத் திண்மநிலை இயக்ககத்திலும் எழுதிவிடக்கூடும். பின்னாளில் வன்தட்டு பழுதடைந்தால், இயங்குதளம் நல்ல நிலையில் இருந்தும் கணினி தொடங்காது. பழைய கோப்புகள் உள்ள வன்தட்டைத் தவறுதலாக அழித்துவிடும் வாய்ப்பும் இதனால் தவிர்க்கப்படுகின்றது.

நிறுவல் முடிந்தபின் கணினியை அணைத்து, வன்தட்டை மீண்டும் இணைக்க வேண்டும். புதிய வன்தட்டாயின் ஜி.பி.டி. முறையில் பிரிவினை செய்தல் வேண்டும். பழைய எம்.பி.ஆர். முறையில் 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட இடத்தைப் பயன்படுத்த இயலாது. விண்டோசில் ஆவணங்கள், படங்கள் முதலிய அடைவுகளின் இருப்பிடத்தை அவற்றின் பண்புகள் சாளரத்தில் வன்தட்டுக்கு மாற்றலாம்.

லினக்சு இயங்குதளத்தில் பயனரின் இல்ல அடைவு முழுவதையும் வன்தட்டில் ஏற்றலாம். எனினும் செயலிகளின் அமைப்புக் கோப்புகளும் அதனுள் இருப்பதால் வேகம் குறையும். இல்ல அடைவைத் திண்மநிலை இயக்ககத்திலேயே விட்டு, அதனுள் படங்கள், நிகழ்படங்கள் ஆகிய அடைவுகளை மட்டும் வன்தட்டுக்கு இணைப்பது சிறந்தது.

துண்டுகளை ஒழுங்குபடுத்தும் செயல் வன்தட்டுக்கு உரியது. திண்மநிலை இயக்ககத்திற்கு அது பயன் தராது. அதற்கு மாறாக, அழிக்கப்பட்ட இடங்களை இயக்ககத்திற்கு அறிவிக்கும் டிரிம் கட்டளை தேவை. 2009 இல் வெளிவந்த விண்டோசு 7 முதல் இது தானாகவே நடைபெறுகின்றது. டிரிம் செயற்பட்ட பின்னர், தவறுதலாக அழித்த கோப்பை மீட்பது பெரும்பாலும் இயலாது. வன்தட்டில் இத்தகைய மீட்புக்கு ஓரளவு வாய்ப்பு உண்டு.

பழைய மடிக்கணினிகள்

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. எல்காட் நிறுவனம் வழியாகக் கொள்முதல் செய்யப்பட்டு, தொடக்க ஆண்டுகளில் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட கணினிகள் வன்தட்டு கொண்டவை. இத்தகைய பழைய மடிக்கணினி ஒன்றில் வன்தட்டைக் கழற்றி, அவ்விடத்தில் 2.5 அங்குலத் திண்மநிலை இயக்ககத்தைப் பொருத்தலாம். கழற்றிய வன்தட்டை யு.எஸ்.பி. உறையொன்றில் இட்டு வெளிச் சேமிப்பகமாகப் பயன்படுத்தலாம். குறைந்த செலவில் பழைய கணினியின் வேகத்தை உயர்த்த இதுவே பயனுள்ள வழியாகும். ஆயினும் பல ஆண்டுகள் ஓடிய வன்தட்டை முக்கியமான கோப்புகளின் ஒரே இருப்பிடமாக வைக்கக் கூடாது.

வேலூர் – ஆம்பூர்ப் பகுதிச் சூழல்

வெப்பம்: வேலூரில் கோடைக்கால வெப்பநிலை 40 பாகை செல்சியசைக் கடப்பது வழக்கம். வன்தட்டுகளுக்குப் பொதுவாக 60 பாகையும், திண்மநிலை இயக்ககங்களுக்கு 70 பாகையும் மேல் எல்லையாகக் குறிக்கப்படுகின்றன. எம்.2 இயக்ககம் மிகையாகச் சூடேறும்போது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்னிணைப்பின்றி வைக்கப்படும் திண்மநிலை இயக்ககத்தையும் வெப்பம் பாதிக்கின்றது. 2010 இல் வெளியான ஜெடெக் தரநிலையின்படி, எழுதும் அளவு முழுவதும் தீர்ந்த வீட்டுப் பயன்பாட்டு இயக்ககம் ஒன்று, மின்னிணைப்பின்றி 30 பாகை வெப்பநிலையில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும். வெப்பநிலை உயர உயர இக்காலம் குறையும். எனவே குடும்பப் படங்களைத் திண்மநிலை இயக்ககத்தில் எழுதி, அதனைப் பல ஆண்டுகள் அலமாரியில் வைத்துவிடுவது ஏற்ற முறையன்று.

மின்தடை: 2012 இல் சென்னைக்கு வெளியே தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு நிலவியது. அந்நிலை பின்னர் நீங்கியது. எனினும் பராமரிப்புப் பணிகளாலும் மழைக்காற்றாலும் மின்சாரம் தடைப்படுவது இன்றும் நிகழ்கின்றது. திடீர் மின்தடையின்போது வன்தட்டு தன் சுழற்சியின் எஞ்சிய ஆற்றலைக் கொண்டு படிப்பு முனையைப் பாதுகாப்பான இடத்திற்கு நகர்த்திவிடும். திண்மநிலை இயக்ககத்திலோ, எழுதப்பட்டுக் கொண்டிருக்கும் தரவு இழக்கப்படலாம். 2013 இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று வெளியிட்ட ஆய்வில், 15 திண்மநிலை இயக்ககங்களில் 13 மின்தடையின்போது பிழைபட்டன. ஆகையால் யு.பி.எஸ். கருவி இவ்வமைப்பின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

காற்று: தோல் பதனிடுதலில் மயிர் நீக்கும் கட்டத்தில் சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடு பயன்படுத்தப்படுகின்றது. இக்கழிவுநீர் அமிலத்துடன் கலக்கும்போது, அழுகிய முட்டை நாற்றமுடைய ஐதரசன் சல்பைடு வளிமம் வெளியேறும். இது வெள்ளியையும் செப்பையும் கறுக்கச் செய்யும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 சூலை முதல் மின்னணுக் கருவிகளில் ஈயத்தைக் கட்டுப்படுத்திய பின்னர், மின்சுற்றுப் பலகைகளில் வெள்ளிப் பூச்சு பரவலானது. கந்தக வளிமங்கள் மிகுந்த இடங்களில் இத்தகைய பலகைகள் அரிக்கப்பட்ட நிகழ்வுகள் உலகின் பல பகுதிகளில் பதிவாகியுள்ளன. மின்னணுக் கருவிகளுக்கான ஐ.எஸ்.ஏ. தரநிலை, மென்மையான சூழலுக்கு இவ்வளிமத்தின் எல்லையாக நூறு கோடியில் 3 பங்கைக் குறிக்கின்றது. மனித மூக்கு இந்நாற்றத்தை உணரத் தொடங்குவதும் ஏறத்தாழ இவ்வளவிலேயே ஆகும். எனவே நாற்றம் அடிக்கடி உணரப்படும் வீட்டில் கணினியைச் சன்னல் ஓரத்திலும் கழிவுநீர்க் கால்வாயை நோக்கிய அறையிலும் வைக்காதிருப்பது நலம். ஈரப்பதம் அரிப்பை விரைவுபடுத்துவதால், மழைக்காலத்தில் கணினியை மாதக்கணக்கில் இயக்காமல் வைப்பதும் தவிர்க்கத்தக்கது. வன்தட்டு திடீரெனத் தென்படாமற் போனால், தட்டுகள் நல்ல நிலையிலிருக்க, அதன் அடிப்புறப் பலகையின் தொடுமுனைகள் மட்டும் கறுத்திருக்கக்கூடும். அத்தகைய வன்தட்டைத் தூக்கியெறியுமுன் தேர்ந்த தொழில்நுட்பரிடம் காட்ட வேண்டும்.

வெள்ளம்: 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் ஏற்பட்டு, கரையோர ஊர்களின் தாழ்வான பகுதிகளில் நீர் புகுந்தது. தரையில் வைக்கப்படும் கணினிப் பெட்டிக்குள் நீர் புகுந்தால் இரு இயக்ககங்களும் ஒன்றாகவே பாதிக்கப்படும். பெட்டியை மேசைமீது வைப்பது எளிய முன்னெச்சரிக்கையாகும்.

காப்புப்படி

பரவலாகப் பின்பற்றப்படும் விதியின்படி முக்கியமான கோப்புகளுக்கு மூன்று படிகள் வேண்டும். அவை இரு வகை ஊடகங்களில் இருத்தல் வேண்டும். அவற்றில் ஒன்று வேறு இடத்தில் இருத்தல் வேண்டும். இரட்டைச் சேமிப்பகக் கணினியில் இதனை எளிதாகச் செய்யலாம். திண்மநிலை இயக்ககத்திலுள்ள வேலைக் கோப்புகளை நாள்தோறும் வன்தட்டிலுள்ள தனி அடைவுக்குப் படியெடுக்குமாறு மென்பொருளை அமைக்கலாம். வன்தட்டில் மட்டும் உள்ள ஒளிப்படங்கள் உட்பட முக்கியமான அனைத்தையும் மாதம் ஒருமுறை வெளி வன்தட்டொன்றுக்கு எழுதி, அதனை உறவினர் வீட்டில் வைக்கலாம். சிறிய அளவிலான ஆவணங்களுக்கு இணையச் சேமிப்பகமும் பொருந்தும். வெளி வன்தட்டை எப்பொழுதும் கணினியுடன் இணைத்தே வைத்திருந்தால், கோப்புகளைப் பூட்டும் தீநிரல்கள் அதனையும் தாக்கும்.

வன்தட்டு பழுதடையுமுன் சில வேளைகளில் ஒலி எழுப்பும் அல்லது வேகம் குறையும். திண்மநிலை இயக்ககம் எவ்வித அறிகுறியுமின்றி நின்றுவிடக்கூடும். ஸ்மார்ட் எனப்படும் தற்சோதனை முறையின் மூலம் இரண்டின் நிலையையும் அவ்வப்போது பார்க்கலாம். எனினும் அம்முறை எல்லாப் பழுதுகளையும் முன்கூட்டி அறிவிப்பதில்லை. எடுத்த காப்புப்படியிலிருந்து ஒரு கோப்பையேனும் திறந்து பார்த்து உறுதி செய்த பின்னரே அதனைக் காப்புப்படியாகக் கொள்ள வேண்டும்.

இவற்றையும் பார்க்க
- வன்தட்டு
- பிளாஷ் நினைவகம்
- தாய்ப்பலகை
- தோல் பதனிடுதல்
- ஆம்பூர்
- பாலாறு