ஜின்களின் அரசவையில் மனிதன்

மனிதன் விலங்கினும் உயர்ந்தவன் என்பதை நாம் ஐயமின்றி ஏற்கிறோம். அவ்வுயர்வு எதனால் வந்தது என்று வினவினால் அறிவு, மொழி, தொழில்திறன் என விடைகள் பலவாகின்றன. இவ்விடைகளை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வழக்கு மன்றத்தில் நிறுத்தி ஆராய்ந்த நூலொன்று அரபி மொழியில் உண்டு.

10ஆம் நூற்றாண்டில் ஈராக்கின் பஸ்ரா நகரில் தம் பெயர்களை வெளியிடாது இயங்கிய அறிஞர் குழுவினர் இக்வானுஸ் ஸஃபா, அதாவது தூய்மையின் சகோதரர்கள். கணிதம் முதல் இறையியல் வரை தழுவிய அவர்களுடைய மடல்களுள் 22ஆவது விலங்குகளைப் பற்றியது. அதிலுள்ள கதை 1316இல் ஹீப்ரு மொழியிலும் 1810இல் கல்கத்தாவில் உருதுவிலும் பெயர்க்கப்பட்டது.

காற்றால் திசைமாறிய கப்பலிலிருந்து ஒரு தீவில் கரையேறிய மனிதர்கள், அங்குள்ள விலங்குகளை அடிமைகொள்ள முனைகின்றனர். விலங்குகள் ஜின்களின் அரசரிடம் முறையிடுகின்றன. மனிதர்கள் தம் நிமிர்ந்த தோற்றத்தைச் சான்றாகக் காட்டுகின்றனர். ஒவ்வோர் உயிருக்கும் தக்க வடிவையே இறைவன் அளித்தான் என மறுமொழி வருகிறது. கைத்திறனைச் சொன்னால், கவராயமும் அளவுகோலுமின்றி அறுகோண அறைகள் கட்டும் தன் இனத்தைத் தேனீ சுட்டுகிறது. தீனியிட்டுக் காக்கிறோம் என்றால், அது உங்கள் ஆதாயத்திற்கே என்கின்றன விலங்குகள்.

இறுதியில் ஹிஜாஸ்வாசி ஒருவர் எழுந்து, மனிதனுக்கு வாக்களிக்கப்பட்ட மறுமை வாழ்வை முன்வைக்கிறார். சுவர்க்கம் உண்டெனில் நரகமும் உண்டே என்று புல்புல் பறவை இடைமறிக்கிறது. எவ்வாறாயினும் நாங்கள் நிலைத்திருப்போம் என்கிறார் அவர். தங்களிடையே தோன்றிய நபிமார்களையும் இறைநேசர்களையும் சான்றாக்குகிறார். தீர்ப்பு மனிதர் பக்கம் சாய்கிறது.

இவ்வெற்றியின் தன்மையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். மனிதனை வெல்லச் செய்த மறுமையே அவனைக் கேள்விக்கும் உட்படுத்துகிறது. மனிதனை எவ்வாறு நடத்தினாய் என்று கோவேறு கழுதை வினவப்படுவதில்லை. கோவேறு கழுதையை எவ்வாறு நடத்தினாய் என்று மனிதன் வினவப்படுகிறான்.

கதைக்கு வெளியே, சட்டத்துறையிலும் இக்கருத்து உருப்பெற்றது. 1262இல் மறைந்த ஷாஃபிஈ சட்ட அறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம், மனிதன்மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளைத் தம் ‘கவாயிதுல் அஹ்காம்’ நூலில் வரிசைப்படுத்தினார். முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போனாலும் அதற்குத் தீனியளிக்க வேண்டும். தாங்கவியலாச் சுமை ஏற்றலாகாது. அதன் கண்முன் குட்டியை அறுக்கலாகாது.

உழைத்து ஓய்ந்த மாட்டுக்கு இடும் ஒரு கைப்பிடி வைக்கோலால் நமக்கு ஆதாயம் ஏதுமில்லை. ஆயினும் தீவில் விலங்குகள் தொடுத்த வழக்கிற்கு நாம் அளிக்கக்கூடிய நேர்மையான விடை அதில்தான் இருக்கிறது.