அத்தி வரதர் சொன்ன வருஷம்

இருபது வருஷமா குடும்ப மரம் வரைஞ்சிட்டிருக்கேன். எப்பவும் மாட்டிக்கிற இடம் ஒண்ணுதான்: தேதி.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல் அப்பாவோட நின்றுவிடும். தாத்தா பேரையே பேரனுக்கு வைக்கிறோம் ('பேரன்' என்பதே 'பெயரன்'தான்). அதனால் ஒரே இனிஷியல், ஒரே பேர், ஒரு தலைமுறை விட்டு மறுபடி வரும். வருஷம் தெரியாமல் பதிவேட்டைப் புரட்டிப் பயனில்லை.

தாத்தா இறந்த திதி வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வருஷம்? ஒருத்தருக்கும் தெரியலை.

2019-ல் சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்திலிருந்து அத்தி வரதர் வெளியே வந்து 48 நாள் தரிசனம் தந்தார். 40 வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார். டிவியில் பார்த்துக்கொண்டிருந்த அத்தை சட்டென்று சொன்னாங்க: "போன தடவை இவரைப் பார்த்துட்டு வந்த ஆவணியிலதான்டா எங்கப்பா போனாரு."

அப்போ 1979. நகராட்சி இறப்புப் பதிவேட்டில் அந்த ஆவணியைத் தேடினேன், தாத்தா இருந்தார்.

அடுத்த தரிசனம் 2059-ல். அப்போ சொல்ல அத்தை இருக்க மாட்டாங்க.

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட 'எந்த வருஷம்'னு கேட்காதீங்க. 'அப்போ ஊர்ல என்ன நடந்தது'ன்னு கேளுங்க. இன்னைக்கே கேளுங்க.