அந்த அக்டோபரில் யார் தேசத்துரோகி?



போருக்குப் பிந்தைய ஜெர்மன் குற்றப்படங்களைப் பற்றிப் போன வாரம் இங்கே பேச்சு வந்தது. இடிந்த நகரம், துறைமுகத்து மதுக்கடை, கள்ளச்சந்தை, சிகரெட் புகை, ஒரு கொலை. "நம்ம ஊர்ல இந்த மாதிரி ஏன் சார் வரல?" என்று என் பழைய மாணவர் ஒருவர் கேட்டார். வந்திருக்கிறது தம்பி. போர், துறைமுகம், துப்பாக்கி எல்லாம் உள்ள படம்தான். 1954-ஆம் ஆண்டு சித்திரைப் பிறப்புக்கு வெளியான "அந்த நாள்". அதன் வழியாகக் கொஞ்சம் சரித்திரம் பேசலாம் என்று எழுதுகிறேன். நீளம் கொஞ்சம் கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சென்னைத் துறைமுகம். ஜெர்மனிக்கும் அதற்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. முதல் உலகப்போரின்போது, 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் வந்து துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது. கப்பல் வந்த வேகத்தில் போய்விட்டது, பெயர் மட்டும் நம் மொழியில் தங்கிவிட்டது. "அவன் சரியான எம்டன்" என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்த எம்டன்தான்.

அடுத்தது இரண்டாம் உலகப்போர். 1942 ஏப்ரல் 5-இல் ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. அடுத்தது சென்னைதான் என்று ஊரே நடுங்கியது. அரசாங்க அலுவலகங்கள் வெளியூர்களுக்குக் கிளம்பின. வசதி இருந்தவர்கள் கிராமங்களுக்கு ஓடினார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று மிருகக்காட்சி சாலையில் இருந்த சிங்கம், புலி போன்ற விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த ஏப்ரலில் குண்டு விழவில்லை. பயம் தணிந்து சனங்கள் திரும்பி வந்த பிறகு, 1943 அக்டோபர் 11 இரவு, ஜப்பான் விமானம் வந்து குண்டு போட்டது. சேதம் சொற்பம். அதனால்தானோ என்னவோ, நம் பாடப்புத்தகங்களில் அதற்கு ஒரு வரிகூட இடம் இல்லை.

அந்த ராத்திரியைப் பிடித்து வைத்திருப்பது "அந்த நாள்" படம்தான். குண்டு விழுந்த அந்த நாளில் ராஜன் என்ற ரேடியோ என்ஜினீயர் தன் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறான். ராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன். பராசக்தி வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அப்பேர்ப்பட்ட கதாநாயகன் படம் தொடங்கும்போதே பிணம்! சுட்டது யார்? மனைவி, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், ஒரு நாட்டியக்காரி. துப்பறியும் அதிகாரி ஒவ்வொருவரையும் விசாரிக்கிறார். ஆளுக்கொரு கதை, ஆளுக்கொரு குற்றவாளி. ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் "ரஷோமோன்" (1950) படம் தந்த உந்துதலில் இதைச் செய்தவர் எஸ். பாலசந்தர். ஆமாம், வீணை பாலசந்தரேதான். அந்தச் சங்கீத மேதை எடுத்த இந்தப் படத்தில் ஒரு பாட்டுகூட இல்லை. நடனம் இல்லை, சண்டை இல்லை. தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம் இதுதான். வசனம் எழுதியவர் ஜாவர் சீதாராமன். துப்பறியும் அதிகாரியாக நடித்தவரும் அவரே. தயாரிப்பு ஏவி. மெய்யப்பன். முதல் ஓட்டத்தில் வசூல் இல்லை. பிறகு தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது.

ஏவிஎம் ஸ்டுடியோவிலும் போரின் தழும்பு உண்டு. போர்க்காலத்தில் பிலிம் சுருளுக்கே பஞ்சம். ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசாங்கமே அளவு வைத்தது. அந்த நெருக்கடியான வருஷங்களில் மெய்யப்பன் காரைக்குடியில்தான் ஸ்டுடியோ போட்டார். "நாம் இருவர்" அங்கே எடுத்ததுதான். கோடம்பாக்கத்துக்கு வந்தது அதற்கும் பிறகு.

சரி, ஜெர்மன் படத்தில் மதுக்கடை, நம் படத்தில் ஏன் வீட்டுக் கூடம்? எனக்குத் தெரிந்த ஒரு காரணத்தைச் சொல்கிறேன். இதில் எங்கள் பக்கத்துச் சரித்திரமும் இருக்கிறது. ஒகேனக்கல், பென்னாகரம், தருமபுரி எல்லாம் அப்போது சேலம் ஜில்லா. 1965-இல்தான் தருமபுரி தனி மாவட்டம் ஆனது. முதல்வராக இருந்த ராஜாஜி 1937 அக்டோபர் 1-இல் மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தது இந்தச் சேலம் ஜில்லாவில்தான். கள்ளுக்கடை வருமானம் போனதை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. போர்க்காலத்தில் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, ஓமந்தூரார் காலத்தில், 1948 காந்தி ஜெயந்தியோடு மாகாணம் முழுக்க மதுவிலக்கு. ஆகவே 1954-இல் சென்னையில் படம் எடுத்தவருக்குத் துறைமுகத்து மதுக்கடை என்பது கண்ணெதிரே இருந்த இடமே இல்லை. அங்கே கடையில் நடந்த சதியும் சந்தேகமும் இங்கே வீட்டுக்குள் வந்துவிட்டன. ஒரு வகையில் இது இன்னும் பயங்கரம். கடையை விட்டு எழுந்து போய்விடலாம், வீட்டை விட்டு எங்கே போவது?

இனி கதையின் முடிவைச் சொல்லப் போகிறேன். எழுபது வருஷத்துப் படம், கோபிக்காதீர்கள். ராஜன் ஜப்பானுக்கு உளவு சொல்பவன். தன் கண்டுபிடிப்புக்கு இங்கே ஆதரவு கிடைக்கவில்லை என்ற கசப்பில் அந்தப் பக்கம் சாய்ந்தவன். மனைவி உஷாவோ தேசபக்தி உள்ளவள். பண்டரிபாய் நடித்தார். உண்மை தெரிந்ததும் அவனைத் திருத்தப் பார்க்கிறாள். முடியவில்லை. கடைசியில் அவள் கையில் இருந்த துப்பாக்கியின் குண்டுதான் அவன் உயிரை எடுக்கிறது.

போருக்குப் பின் ஜெர்மனியில் எடுத்த முதல் படம் "கொலைகாரர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்" (1946). இயக்குநர் வொல்ஃப்காங் ஸ்டவுட்டே. போரில் அப்பாவிகளைச் சுடச் சொன்ன பழைய அதிகாரி ஒருவன் இப்போது இரும்புத் தொப்பியிலிருந்து சமையல் பாத்திரம் செய்து விற்று நல்ல மனிதனாக உலவுகிறான். அவனைக் கொல்லத் துப்பாக்கியோடு போகிற டாக்டரை ஒரு பெண் தடுக்கிறாள். தண்டனை கொடுப்பது நம் வேலை இல்லை, சட்டத்தின் வேலை என்பது படத்தின் முடிவு. அங்கே பெண் துப்பாக்கியை இறக்க வைக்கிறாள். இங்கே பெண் துப்பாக்கியை எடுக்கிறாள். தோற்ற நாடு வேறு மாதிரி யோசிக்கும், புதிதாக விடுதலை பெற்ற நாடு வேறு மாதிரி யோசிக்கும்.

சரித்திர வாத்தியாராக என்னை உறுத்தும் கேள்விக்கு இப்போது வருகிறேன். 1943 அக்டோபர் மாதத்துக் காலண்டரைக் கொஞ்சம் மனதில் விரித்துப் பாருங்கள்.

அக்டோபர் 11: சென்னையில் ஜப்பான் குண்டு.

அக்டோபர் 17: ஜப்பான் ராணுவம் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதையின் இரு முனைகளும் இணைந்தன. மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் அந்தப் பாதையில் பல்லாயிரக்கணக்கில் செத்தார்கள்.

அக்டோபர் 21: சிங்கப்பூரில் நேதாஜி, அதே ஜப்பானின் துணையோடு, சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்தார். அந்த அமைச்சரவையில் இருந்த ஒரே பெண், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் லட்சுமி. நாம் கேப்டன் லட்சுமி என்று கொண்டாடுகிறவர். அவர் தலைமையில் துப்பாக்கி தூக்கிய ஜான்சி ராணிப் படையில் ஏராளமானோர் மலேயாவின் தமிழ்ப் பெண்கள்.

பத்தே நாள்! ஒரே ஜப்பான். சென்னைக்காரனுக்கு எதிரி, தோட்டத் தொழிலாளிக்கு எமன், ஐ.என்.ஏ. வீரனுக்குத் துணைவன். படத்தில் வரும் உஷா ஜப்பானுக்கு எதிராகத் துப்பாக்கி எடுக்கிறாள். நிஜத்தில் லட்சுமி ஜப்பான் பக்கம் நின்று துப்பாக்கி எடுத்தார். இருவருமே தேசத்துக்காக என்றுதான் எடுத்தார்கள்.

வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு, "யார் தேசத்துரோகி?" என்று கேட்பேன். முதலில் பட்டென்று விடை வரும். காலண்டரைப் பலகையில் எழுதியதும் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதிதான் சரித்திரப் பாடம் என்று நான் நினைக்கிறேன். ராஜனையும் நேதாஜியையும் ஒரே தராசில் வைக்கச் சொல்லவில்லை. ராஜன் தன் கசப்புக்காக ஊரை விற்றான். நேதாஜி ஊரை மீட்கக் கிளம்பியவர். ஆனால் "எந்த நாட்டோடு சேர்ந்தான்?" என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. எதற்காகச் சேர்ந்தான், யாருடைய உயிரைப் பணயம் வைத்தான் என்றும் கேட்க வேண்டும். இன்றைக்குக் கைப்பேசியில் ஒரு நிமிஷத்தில் ஒருவரைத் துரோகி என்று முத்திரை குத்துகிறோமே, அதற்கும் இது பொருந்தும்.

எங்கள் ஒகேனக்கல்லுக்கு எத்தனையோ படப்பிடிப்புகள் வந்து போயிருக்கின்றன. அருவியும் பரிசலும் திரையில் அழகாகத் தெரியும், சந்தோஷம்தான். இருந்தாலும் அருவியும் இல்லாமல், பாட்டும் இல்லாமல், ஒரு வீட்டையும் ஒரு ராத்திரியையும் வைத்துக்கொண்டு இவ்வளவு யோசிக்க வைத்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை இளைஞர்கள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தொண்ணூறு தாண்டிய தாத்தா பாட்டி யாராவது இருந்தால், சென்னையைக் காலி செய்த அந்தக் காலத்தைப் பற்றிக் கேளுங்கள். மலேயா, பர்மா போய்த் திரும்பியவர்கள், திரும்பாதவர்கள் பற்றியும் கேளுங்கள். கிடைத்ததைக் கீழே எழுதுங்கள். அவர்களும் போய்விட்டால் கேட்க ஆள் இருக்காது.

அன்புடன்,
உங்கள் வாத்தியார், ஒகேனக்கல்