எரிந்த ஏடும் எழுந்த மாடமும்

ஒரு நகரின் அடையாளமாக அரண்மனையோ ஆலயமோ கோட்டையோ விளங்குவது உலக வழக்கு. யாழ்ப்பாண நகரில் போர்த்துக்கேயர் எழுப்பி, ஒல்லாந்தர் விரித்துக் கட்டிய கோட்டை உண்டு. எனினும், அதற்கு அண்மையில் வெண்ணிறத்தில் நிமிர்ந்து நிற்கும் பொது நூலகமே அந்நகர மக்களின் நெஞ்சுக்கு நெருக்கமானது.

இதன் தோற்றம் மிக எளியது. 1933இல் க. மு. செல்லப்பா தம் இல்லத்தில் நூல்களை இரவல் வழங்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் அன்பர் சிலர் ஒன்றுகூடி, ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றில் 844 நூல்களுடன் நூலகத்தை நிறுவினர். 1935இல் நகர நிருவாகம் அதனைப் பொறுப்பேற்றது. நூல்கள் பெருகவே தனிக் கட்டடம் வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராயிருந்த லோங் அடிகளார் அதற்கு ஊக்கமாக நின்றார். நூலகவியலறிஞர் சீ. இரா. அரங்கநாதன் ஆலோசனை நல்கினார். சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிடக் கட்டடமரபைத் தழுவி வரைபடம் அமைத்தார். 1959 ஒக்டோபர் 11ஆம் நாள் மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா புதிய கட்டடத்தைத் திறந்து வைத்தார்.

நடுவே குவிமாடம், அதன் இருபுறமும் ஒத்த அளவில் விரியும் ஈரடுக்குச் சிறகுகள், முன்றிலில் வீற்றிருக்கும் கலைமகள். கோயிலின் சாயல் இருப்பினும் இது கருவறை இல்லாத கோயில். நூல் காப்பதற்கன்று, பயன்படுத்துவதற்கே என்பது அரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளுள் முதலாவது. அதற்கேற்ப வாயில் எல்லார்க்கும் திறந்திருந்தது. வீட்டுப் பரணில் செல்லரிக்கும் ஏடுகளுக்குக் கல்லாலான இம்மனையே காப்பிடம் என நம்பியோர் அவற்றை இங்கு ஒப்படைத்தனர்.

அந்நம்பிக்கையே 1981இல் எரிந்தது. மாவட்ட அபிவிருத்தி சபைத் தேர்தலை ஒட்டி, மே 31 இரவு பொலிஸாரும் அவர்களுடன் சேர்ந்தோரும் தொடங்கிய வன்செயலில் 'ஈழநாடு' நாளிதழ்ப் பணிமனையும் புத்தகக் கடைகளும் தீக்கிரையாயின. நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. எரியும் காட்சியைக் கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகளார் அதிர்ச்சியால் உயிர்நீத்தார். எம். ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை' இக்கொடுமையிலிருந்து பிறந்த கவிதையாகும்.

1984இல் நூலகத்தின் ஒரு பகுதி மீண்டும் இயங்கியது. தொடர்ந்த போர் அதனையும் சிதைத்தது. 1990களின் பிற்பகுதியில் கட்டடத்தைப் பழைய வடிவிலேயே மீட்கும் பணி தொடங்கியது. எரிந்த சுவர்களை நினைவுச் சின்னமாக விட்டுவைக்க வேண்டும் என்றோரும் உண்டு. அழிவின் தடத்தை வெள்ளையடித்து மறைத்தல் தகுமோ என வினவியோரும் உண்டு. 2003 பெப்ரவரியில் நிகழவிருந்த திறப்பு விழா எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. எனினும், பின்னர் நூலகம் வாசகர்க்குத் திறந்தது.

இன்று காண்போர்க்கு மாடம் பழைய மாடமே. ஆனால் மீண்டது யாது, மீளாதது யாது? வரைபடம் இருந்தமையால் கட்டடம் மீண்டது. பிறவிடங்களில் படிகள் இருந்தமையால் அச்சு நூல்கள் மீண்டன. ஒரே படியாய் இருந்த ஏடு மட்டும் மீளவில்லை. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய அருமை இங்கே விளங்கும். அச்சேறியபின் அந்நூலின் உயிர் எந்தவொரு சுவடியையும் நம்பியிருக்கவில்லை. 2005இல் தொடங்கப்பெற்ற 'நூலகம்' எண்ணிம நூலகமும் ஈழத்து நூல்களுக்கு அப்பணியையே ஆற்றி வருகின்றது.

கல் நூலைக் காக்கும் என்பது பாதி உண்மையே. படியெடுக்கும் கைகளும் படிக்கும் கண்களும் பெருகும்போதுதான் நூல் தீயைக் கடக்கின்றது.