எண்வகை மெய்ப்பாடும் எய்திய மாந்தர்
(மேலைநாட்டுப் படக்கதையிலும் தொடர்கதையிலும் தன்பாலீர்ப்பினர்)

தோற்றுவாய்

கதையில் வரும் ஒருவர் உயிருள்ள மாந்தரா, வெறும் பொம்மையா என்று அளந்தறியத் தமிழ் மரபில் ஒரு துலாக்கோல் உண்டு. தொல்காப்பியனார் வகுத்த மெய்ப்பாட்டியலே அது. நகை முதலாக உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளை அவர் எண்ணிக் காட்டினார். உயிருள்ள மாந்தர் சிரிப்பர், அழுவர், அஞ்சுவர், சினப்பர், ஒருநாள் பெருமிதமும் கொள்வர். இவற்றுள் ஒன்றிரண்டை மட்டும் ஒருவர்க்கு அளந்து கொடுத்து, ஏனையவற்றை மறுக்கின்ற கதை, அவரை மாந்தராக மதிக்கவில்லை என்பது வெளிப்படை.

இத்துலாக்கோலைக் கையிற்கொண்டு மேலைநாட்டு வெகுசன இலக்கியத்தை நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். தம் பாலினத்தாரிடமே காதல் கொள்வோர்க்கும், திருநங்கையர்க்கும், திருநம்பியர்க்கும் அவ்விலக்கியம் நெடுங்காலம் இரண்டே மெய்ப்பாடுகளைக் கொடுத்தது. ஒன்று, பிறர் சிரிப்பதற்கான நகை. மற்றொன்று, பிறர் அருவருப்பதற்கான இளிவரல். கோமாளியாகத் தோன்றுவர், அல்லது குற்றவாளியாகத் தோன்றி இறுதி அதிகாரத்தில் மடிவர்.

அந்நிலை மாறியதில் பெரும்பங்கு கற்றோர் மட்டுமே பயிலும் நூல்களுக்கு உரியதன்று. காலைச் செய்தித்தாளின் ஒரு மூலையில் வரும் நான்கு கட்டப் படக்கதைக்கும், நாள்தோறும் சிறிது சிறிதாக வரும் தொடர்கதைக்குமே அது உரியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நிகழ்ந்த அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம். தொடர்கதைக்காக வார இதழை எதிர்நோக்கியும், 1972-இல் வெளிவந்த முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியைக் கைமாற்றிப் படித்தும் பழகிய குடும்பங்களைச் சேர்ந்த நமக்கு, இவ்வகை எழுத்தின் வலிமையை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

அட்டை மூலையில் ஒரு முத்திரை

1954-ஆம் ஆண்டு அமெரிக்கப் படக்கதை உலகிற்கு ஒரு திருப்புமுனை. பிரெடரிக் வெர்தாம் என்னும் மனநல மருத்துவர், படக்கதைகளே சிறுவரைக் கெடுக்கின்றன என்று வாதிட்டு அவ்வாண்டில் ஒரு நூல் வெளியிட்டார். பேட்மேனும் ராபினும் ஒரே மாளிகையில் வாழ்வது தன்பாலீர்ப்புக் கனவைத் தூண்டும் என்பது அவர் கூறிய குற்றச்சாட்டுகளுள் ஒன்று. அதே ஆண்டில் அமெரிக்க மேலவையின் துணைக்குழு ஒன்று நியூயார்க் நகரில் கூடி இதுபற்றி விசாரணை நடத்தியது.

அரசு சட்டம் இயற்றுமுன் நாமே வேலி கட்டிக்கொள்வோம் என்று பதிப்பாளர்கள் ஒன்றுகூடித் தமக்கென ஒரு விதித்தொகுப்பை வகுத்தனர். விதிக்கு உட்பட்ட நூல்களின் அட்டை மூலையில் ஒரு முத்திரை பொறிக்கப்பட்டது. முத்திரை இல்லாத நூலை விற்பனையாளர் பலர் வாங்க மறுத்தனர். அவ்விதிகளுள் ஒன்று, பால்வழி பிறழ்வு என்று அக்காலத்தார் பெயரிட்ட எதனையும் நேராகக் காட்டலாகாது, குறிப்பாலும் உணர்த்தலாகாது என்று தடுத்தது. தன்பாலீர்ப்பு அதனுள் அடங்குவதாகக் கொள்ளப்பட்டது.

கோப்புகளோடு வாழும் நமக்கு ஒரு வரி விதியின் ஆற்றல் நன்கு தெரியும். எழுதியவர் ஓய்வுபெற்ற பின்னும், எழுதிய காரணம் மறந்த பின்னும், அவ்வரி தன் பணியைச் செய்துகொண்டேயிருக்கும். இவ்விதியும் முப்பத்தைந்து ஆண்டுகள் நிலைத்து, 1989-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் தளர்ந்தது. வெர்தாமின் ஆவணங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் 2010-இல் ஆய்வாளர்க்குத் திறந்துவிடப்பட்டன. அவற்றை ஆராய்ந்த கரோல் டில்லி என்னும் பேராசிரியர், வெர்தாம் தம் சான்றுகள் பலவற்றைத் திரித்தும் கூட்டியும் குறைத்தும் எழுதியிருந்தமையை எடுத்துக்காட்டினார். ஒரு தலைமுறையின் வாயைக் கட்டிய விதிக்கு அடிப்படையாய் நின்ற சான்றின் தரம் இதுவாகும்.

ஊருக்கு எழுதிய மடல்

அம்முத்திரை படக்கதை நூல்களை மட்டுமே கட்டுப்படுத்தியது, செய்தித்தாள்களை அன்று. எனவே புதிய மாந்தர் முதலில் அவ்வழியே நுழைந்தனர்.

1976-ஆம் ஆண்டு இருவர் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றினர். காரி ட்ரூடோ வரைந்த 'டூன்ஸ்பரி' என்னும் படக்கதையில் ஆண்டி லிப்பின்காட் என்னும் சட்டக்கல்லூரி மாணவர் வந்தார். ஜோனி காகஸ் என்னும் சக மாணவி அவரை விரும்புகிறாள். தாம் ஆடவரையே விரும்புபவர் என்பதை அவர் அவளிடம் பண்போடு உரைக்கிறார். சில செய்தித்தாள்கள் அப்பகுதியை வெளியிட மறுத்தன. அவர் பேச்சிலோ கோமாளித்தனமும் இல்லை, குற்றவுணர்வும் இல்லை. ஒருவர் உள்ளம் புண்படாதவாறு உண்மை கூற முயலும் நல்லவரின் தயக்கமே உண்டு.

மற்றவர் மைக்கேல் டாலிவர். ஆர்மிஸ்டெட் மாபின் 'சான்பிரான்சிஸ்கோ கிரானிக்கிள்' நாளிதழில் எழுதிய 'டேல்ஸ் ஆஃப் தி சிட்டி' தொடர்கதையின் மாந்தர். வேற்றூரிலிருந்து பிழைக்க வந்தோர் ஒரே வீட்டில் குடியிருக்கும் கதை அது. வீட்டுக்காரியான அன்னா மாட்ரிகல் அனைவர்க்கும் தாய்போன்றவர். அவர் ஒரு திருநங்கை என்பது பின்னரே வெளிப்படும். அதற்குள் வாசகர்க்கு அவர் சொந்த உறவாகிவிட்டிருந்தார். தொடர்கதையின் பெருவலிமை இதுதான். முன்முடிவு எழுமுன் அன்பு எழுந்துவிடுகிறது. கதைமாந்தருள் தன்பாலீர்ப்பினர் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடலாகாது என்று இதழாசிரியர்கள் இரண்டு பத்திகளில் பேரேடு எழுதிக் கணக்கு வைத்திருந்ததாக மாபின் பிற்காலத்தில் நகைச்சுவையோடு கூறியுள்ளார்.

1977-இல் புளோரிடா மாநிலத்தில் அனிதா பிரயண்ட் என்னும் பாடகி, தன்பாலீர்ப்பினர்க்குப் பாதுகாப்பளித்த உள்ளூர்ச் சட்டத்தை எதிர்த்து இயக்கம் நடத்தி வென்றார். மாபினின் கதையிலும் மைக்கேலின் பெற்றோர் புளோரிடாவில் வாழ்கின்றனர். அவர்கள் அவ்வியக்கத்தில் சேர்ந்துவிட்டதைத் தாயின் கடிதத்தால் அறிகிறான் மைக்கேல். தங்கள் மகனும் அவர்கள் எதிர்க்கும் மக்களுள் ஒருவன் என்பதை அவர்கள் அறியார். அவன் தாய்க்கு ஒரு மடல் எழுதுகிறான். அதில் வசைமொழி இல்லை. தன் வளர்ப்பையும் அவன் குறை கூறவில்லை. தான் யார் என்பதையும், தான் நலமாக இருப்பதையும், அந்நகரம் தனக்குக் கற்பித்த நன்மைகளையும் மட்டும் எழுதுகிறான். மாபினின் சொந்தப் பெற்றோரும் அந்நாளிதழை வரவழைத்துப் படித்து வந்தனர். எனவே கதைமாந்தரின் மடல் ஆசிரியரின் மடலும் ஆயிற்று. பிற்காலத்தில் அம்மடல் இசையமைக்கப்பட்டு மேடைகளிலும் பாடப்பட்டது.

ஊரைவிட்டு வந்து வாழும் நம் குடும்பங்கள் இம்மடலின் எடையை எளிதில் உணரும். ஊருக்கு எழுதும் கடிதத்தில் எதை எழுதுவது, எதை விடுவது என்று எண்ணி எண்ணி எழுதிய தலைமுறை அன்றோ நம்முடைய முன்னோர்! நலம், நலமறிய ஆவல் என்ற வரிகளுக்கு நடுவே எழுதாமல் விட்டவை எத்தனையோ.

இவ்விருவர் வாழ்விலும் நோயின் நிழல் விழுந்தது. எய்ட்ஸ் நோய் 1981-இல் அறியப்பட்டது. மைக்கேலின் அன்பரான மருத்துவர் ஜான் பீல்டிங் அந்நோயால் இறந்த செய்தியோடு 1984-இல் மாபினின் அடுத்த நூல் தொடங்கியது. ஆண்டி லிப்பின்காட் 1989-இல் நோயாளியாகப் படக்கதைக்குத் திரும்பினார். 1990-இல், கடைசிவரை நகையாடிக்கொண்டே, விடைபெற்றார். அந்நோயால் இறந்தோர் நினைவாக அமெரிக்க மக்கள் தைத்த பெரும் நினைவுத் துணியில் அவர் பெயரும் இடம்பெற்றது. உயிரோடு வாழாத ஒருவருக்கு வாழ்ந்தோர் வரிசையில் இடமளித்தனர் மக்கள். எழுத்தாளர் ஒருவர் பெறத்தக்க பரிசுகளுள் இதனினும் பெரிது யாது?

அடுத்த வீட்டுப் பிள்ளை

நாம் கண்டவற்றுள் தலைசிறந்ததாக ஒன்றைச் சுட்ட வேண்டுமாயின், கனடா நாட்டு லின் ஜான்ஸ்டன் அம்மையாரின் 'ஃபார் பெட்டர் ஆர் ஃபார் வொர்ஸ்' படக்கதையையே சுட்டுவோம். 1979-இல் தொடங்கிய இக்கதைக்கு ஒரு சிறப்புண்டு. பிற படக்கதைகளில் சிறுவர் என்றும் சிறுவராகவே இருப்பர். இதில் வரும் பேட்டர்சன் குடும்பத்தாரோ வாசகரோடு சேர்ந்து ஆண்டுதோறும் வயது ஏறுவர். மூத்த மகன் மைக்கேலின் தோழனும் அடுத்த வீட்டுப் பிள்ளையுமான லாரன்ஸ், சிறுவனாக அறிமுகமாகி, வாசகர் கண்முன்னே பதினேழு வயது இளைஞனானான்.

1993-ஆம் ஆண்டு வேனிலில் லாரன்ஸ் தன் நிலையை முதலில் தோழனிடம் கூறுகிறான். தோழன் திகைக்கிறான், எனினும் விலகவில்லை. பெற்றோரிடமும் கூறுமாறு வற்புறுத்துகிறான். தாய் நம்ப மறுக்கிறாள். மாற்றாந்தந்தையோ அவனை வீட்டைவிட்டே வெளியேற்றுகிறார். இரவாகிறது; பிள்ளை வரவில்லை. தாயின் சினம் அச்சமாக மாறுகிறது. அண்டை வீட்டார் தேடப் புறப்படுகின்றனர். இறுதியில் அவன் வீட்டுக்குத் திரும்புகிறான். வெளியேற்றியவரே அவனை ஏற்றுக்கொள்கிறார்.

இச்சில வாரக் கதையில் அச்சம் உண்டு, அழுகை உண்டு, வெகுளி உண்டு, ஈற்றில் உவகையும் உண்டு. தன்னை மறைக்க மறுத்த இளைஞனின் பெருமிதமும் உண்டு. அவனை மட்டுமன்று, அவனைத் துரத்தியவரையும் ஆசிரியர் பொம்மையாக்கவில்லை. அவர் கொடியவரல்லர், அறியாமையால் அஞ்சியவர். இதுவே நன்கு எழுதுதலின் இலக்கணம் என்போம். சில இதழ்கள் படக்கதையையே நிறுத்தின. வேறு சில அவ்வாரங்களில் பழைய படங்களை வெளியிட்டுச் சமாளித்தன. வாசகர் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. மறு ஆண்டு புலிட்சர் பரிசின் இறுதித் தேர்வுக்கு லின் ஜான்ஸ்டன் பெயர் சென்றது.

அலிசன் பெக்டெல் 1983 முதல் 2008 வரை மாற்று இதழ்களில் வரைந்த தொடரும் இம்மரபினதே. பெண்ணை விரும்பும் பெண்கள் பலர் அதில் தோன்றுவர். புத்தகக் கடையில் வேலை பார்ப்பர், வாடகைக்கு அலைவர், அரசியல் பேசிச் சண்டையிடுவர், பிள்ளை வளர்ப்பர். வாழ்க்கையின் அன்றாடத்தைக் காட்டியதே அத்தொடரின் வெற்றி.

முகமூடி வீரரும் ஆர்ச்சியின் தோழனும்

முத்திரை தளர்ந்தபின் வீரசாகசக் கதைகளும் வழிக்கு வந்தன. கியூபெக் மண்ணைச் சேர்ந்த நார்த்ஸ்டார் என்னும் வீரர் 1979-இல் தோன்றியவர். அவரைத் தன்பாலீர்ப்பினராகவே கருதி எழுதிய ஜான் பைர்ன், குறிப்பால் உணர்த்துவதோடு நிற்க வேண்டியிருந்தது. 1992-இல் 'ஆல்ஃபா ஃப்ளைட்' 106-ஆம் இதழில், சண்டை நடுவே, அவ்வீரர் தம் நிலையை முழங்கினார். வரலாற்றில் அது பெரிய நாள்தான். ஆயினும் முழக்கம் வேறு, வாழ்வு வேறு. லாரன்ஸின் மெல்லிய சொல் நம் உள்ளத்தைத் தொட்ட அளவிற்கு நார்த்ஸ்டாரின் முழக்கம் தொடவில்லை என்பதே நம் கருத்து. 2012-இல் அவர்தம் திருமணம் சித்திரிக்கப்பட்டபோதுதான் அவர்க்கும் ஓர் இல்லறம் வாய்த்தது.

நம் நாட்டுப் பெருநகரங்களில் நம் பிள்ளைகள் விரும்பிப் படித்த ஆர்ச்சி கதைகளின் வரலாறு இன்னும் சுவையானது. 1954-இல் விதித்தொகுப்பை வகுத்த சங்கத்தின் தலைவர், ஆர்ச்சி நிறுவனத்தை நிறுவியோருள் ஒருவரான ஜான் கோல்ட்வாட்டர். அந்நிறுவனமே 2010-இல் கெவின் கெல்லர் என்னும் தன்பாலீர்ப்புடைய மாணவனை டான் பேரண்டின் தூரிகையால் படைத்தது. கெவின் படைத்தளபதி ஒருவரின் மகன். பண்பும் நகைச்சுவையும் நிரம்பிய நண்பன். 2011 ஜனவரியில் ஆர்ச்சி நிறுவனமும் முத்திரையைக் கைவிட, ஐம்பத்தாறு ஆண்டு நின்ற அவ்வேலி வீழ்ந்தது. எதிர்காலக் கதை ஒன்றில், 2014-இல், துப்பாக்கிக் குண்டைத் தானே ஏற்று ஆர்ச்சி காப்பாற்றி மடிவது இந்தக் கெவினைத்தான். வேலி கட்டியோர் இல்லத்திலிருந்தே இத்தகைய நட்புக் கதை பிறந்தது வரலாற்றின் விந்தை.

முடிவுரை

நம் மொழியிலும் இவ்வழி அறியப்படாததன்று. அகில இந்திய வானொலியில் பணியாற்றிய சு. சமுத்திரம், திருநங்கை ஒருவரின் வாழ்வை 'வாடாமல்லி' என்னும் புதினமாக்கினார். அதுவும் வார இதழில் தொடராக வந்து வீடுகளுக்குள் நுழைந்ததே. திருநங்கையரை மூன்றாம் பாலினராக ஏற்று உச்சநீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. வயதுவந்தோரின் இசைவான தன்பாலுறவு குற்றமன்று என 2018 செப்டம்பர் 6-ஆம் நாள் தீர்ப்பளித்தது. சட்டம் தன் வாயிலைத் திறந்துவிட்டது. வீட்டு வாயிலைத் திறக்கும் அதிகாரம் எந்த நீதிமன்றத்திற்கும் இல்லை. அது பெற்றோர் கையில் உள்ளது.

அங்கேதான் கதை பயன்படுகிறது. நம் வீட்டுப் பிள்ளை ஒருநாள் நம்முன் நின்று இத்தகைய உண்மையொன்றைக் கூறுமாயின், நமக்கு உடனே நினைவுக்கு வரும் உருவம் எது? திரைப்படத்தில் எள்ளி நகையாடப்பட்ட கோமாளியா, தேடிக் கண்டு வீட்டுக்கு அழைத்து வரப்பட்ட லாரன்ஸா? முன்னது நினைவுக்கு வந்தால் கதவு மூடும். பின்னது வந்தால் திறக்கும். நல்ல கதைமாந்தரை நாம் போற்றுவது அவர்தம் புதுமைக்காக அன்று. எட்டு மெய்ப்பாடும் எல்லா உயிர்க்கும் பொது என்பதை நமக்கு முன்கூட்டியே கற்பித்து வைப்பதற்காகப் போற்றுகிறோம். தமிழில் எழுதும் இளைஞர் அத்தகைய மாந்தரை இன்னும் பலராகப் படைப்பாராக. நம் இல்லங்களில் அவர்க்கு இடம் உண்டு.